புயல் ஓய்ந்த பிறகும் விமானங்கள் பறக்காதது ஏன்?

2022 டிசம்பர் கடைசியில் அமெரிக்காவைப் பனிப்புயல் தாக்கியபோது எல்லா விமான நிறுவனங்களும் தடுமாறின. மற்றவை சில நாட்களில் நிமிர்ந்துவிட்டன. சவுத்வெஸ்ட் நிறுவனம் மட்டும் சுமார் 16,900 விமானங்களை ரத்து செய்து, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகளைத் தவிக்கவிட்டது. புயல் எல்லோருக்கும் பொது. ஆகவே, இடையூறு எங்கே தொடங்கியது என்பதைவிட எதன் வழியாகப் பரவியது என்று பார்ப்பதே பயன் தரும்.

ஒரே விமானம் ஒரு நாளில் பல ஊர்களுக்குப் பறக்கிறது. இடைவெளி குறைவாக இருந்தால், காலையில் டென்வரில் ஏற்பட்ட தாமதம் மாலைவரை அதைத் தொடரும். விமானிகளும் பணியாளர்களும் ஒன்றிலிருந்து இறங்கி வேறொன்றில் ஏறுபவர்கள் என்பதால், அந்தத் தாமதம் மற்ற விமானங்களுக்கும் கிளைவிடுகிறது. காத்திருந்தே அவர்களின் சட்டப்படியான பணிநேரம் தீர்ந்துவிட்டால், விமானம் தயாராக இருந்தும் கிளம்ப முடியாது. சவுத்வெஸ்டில் நிலைமை இதற்கும் மேலே போயிற்று. ரத்துகள் குவியக் குவிய, யார் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்பதே நிறுவனத்துக்குத் தெரியவில்லை. இருக்கும் இடத்தைச் சொல்லப் பணியாளர்கள் தொலைபேசியில் மணிக்கணக்கில் காத்திருந்தார்கள். பணி ஒதுக்கும் மென்பொருளால் மாற்றங்களுக்கு ஈடுகொடுக்க முடியவில்லை.

மைய நிலையம் வழியாக அல்லாமல் ஊருக்கு ஊர் நேராகப் பறக்கும் சவுத்வெஸ்டின் அமைப்பே காரணம் என்று சிலர் சொல்வார்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு: மையம் இருந்தால் விமானமும் ஆட்களும் அங்கே திரும்பி வருவார்கள், மாற்று ஏற்பாடு எளிது. ஆனால் அட்லாண்டாவை மையமாகக் கொண்ட டெல்டாவும் 2024 ஜூலையில் இதேபோல் விழுந்தது. கணினிகளை முடக்கிய கிரவுட்ஸ்டிரைக் மென்பொருள் கோளாறுக்குப் பின் போட்டி நிறுவனங்கள் விரைவில் மீண்டன; டெல்டா ஐந்து நாட்களில் சுமார் 7,000 விமானங்களை ரத்து செய்தது. அங்கும் முடங்கியது பணியாளர்களைக் கண்காணிக்கும் அமைப்புதான்.

உபரி ஆட்களும் புதிய மென்பொருளும் வைத்தால் கட்டணம் ஏறும் என்பது அடுத்த வாதம். செலவு உண்மைதான். ஆனால் வைக்காததற்கும் விலை உண்டு: சவுத்வெஸ்டுக்கு அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 14 கோடி டாலர் அபராதம் விதித்தது, பயணிகளுக்குத் திருப்பிக் கொடுத்தது 60 கோடி டாலருக்கும் மேல். நேரந்தவறாமைப் புள்ளிவிவரம் பெரும்பாலும் வழக்கமான நாட்களின் திறமையையே காட்டுகிறது. நிலைகுலைந்த நிறுவனம் எத்தனை நாளில் மீள்கிறது என்பதையும் அரசுகள் அளந்து வெளியிட்டால், சிக்கனம் எது, அலட்சியம் எது என்பது பயணிகளுக்குத் தெரியவரும்.