துடுப்பாட்டத்தில் இலக்குக் காப்பாளர்

இலக்குக் காப்பாளர் (விக்கெட் கீப்பர்) என்பவர் துடுப்பாட்டத்தில், மூன்று குச்சிகளும் அவற்றின் மேல் இரண்டு பெயில்களும் கொண்ட இலக்கின் பின்னால் நின்று, துடுப்பாட்டக்காரரைத் தாண்டி வரும் பந்தைப் பிடிக்கும் களத்தடுப்பாளர் ஆவார். தேர்வுப் போட்டிகள் (டெஸ்ட்) தொடங்கிய 1877 ஆம் ஆண்டு முதல் இன்றுவரை இவர் நிற்கும் இடம் பெரிதாக மாறவில்லை. ஆனால் அந்த இடத்தில் நிற்பவரிடம் அணி எதிர்பார்ப்பது முற்றிலும் மாறிவிட்டது. ஒரு காலத்தில் பந்து பிடிப்பதில் தேர்ந்தவராக இருந்தால் போதும் என்ற நிலை இருந்தது. இன்று அவர் அணியின் முதன்மைத் துடுப்பாட்டக்காரர்களுள் ஒருவராகவும் இருக்க வேண்டியுள்ளது. இந்த மாற்றத்தின் குறிப்பிடத்தக்க நிகழ்வுகள் பல சென்னையில் நடந்தவை.

பணியும் விதிகளும்

களத்தடுப்பு அணியின் பதினொருவரில் கையுறையும், உடைக்கு வெளியே தெரியும் கால்காப்பும் அணிய இலக்குக் காப்பாளருக்கு மட்டுமே விதிகள் இடமளிக்கின்றன. கையுறையில் கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையில் மட்டுமே இணைப்புத் துணி இருக்கலாம். பந்து வீசப்பட்டபின் அது துடுப்பையோ துடுப்பாட்டக்காரரின் உடலையோ தொடும் வரை, அல்லது இலக்கைக் கடக்கும் வரை, அல்லது துடுப்பாட்டக்காரர் ஓட முற்படும் வரை காப்பாளர் இலக்குக்குப் பின்னாலேயே இருக்க வேண்டும்.

காப்பாளர் இரண்டு முறைகளில் பெரும்பாலான ஆட்டமிழப்புகளை ஏற்படுத்துகிறார். முதலாவது, துடுப்பில் பட்டு வரும் பந்தைப் பிடித்தல். இரண்டாவது, துடுப்பாட்டக்காரர் ஓட்டம் எடுக்க முயலாமல் கோட்டை விட்டு வெளியே வந்திருக்கும்போது பந்தைப் பிடித்து இலக்கைத் தகர்த்தல். பின்னது ஸ்டம்பிங் எனப்படுகிறது. வேகப்பந்து வீச்சுக்குக் காப்பாளர் பல அடிகள் பின்னால் நிற்கிறார். சுழற்பந்து வீச்சுக்கு இலக்கை ஒட்டி நிற்கிறார். எனவே ஸ்டம்பிங் பெரும்பாலும் சுழற்பந்து வீச்சில்தான் நிகழ்கிறது.

தொடக்க காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆடுகளங்கள் சமமாக இல்லை; கையுறைகளும் மெலிந்தவை. காப்பாளர் தவறவிடும் பந்தைத் தடுக்க அவருக்கு நேர் பின்னால் எல்லைக்கோட்டை நோக்கி மற்றொருவர் நிறுத்தப்பட்டார். இந்த நிலைக்கு 'லாங் ஸ்டாப்' என்று பெயர். இதனால் ஒரு களத்தடுப்பாளர் வேறு இடத்தில் பயன்படாமல் போனார்.

ஆஸ்திரேலியாவின் ஜாக் பிளாக்காம் வேகமான பந்துவீச்சுக்கும் இலக்கை ஒட்டி நின்று, லாங் ஸ்டாப் தேவையில்லை என்று காட்டியவர்களுள் முதன்மையானவர். 1877 மார்ச்சில் மெல்பேர்னில் நடந்த முதல் தேர்வுப் போட்டியில் ஆஸ்திரேலியாவின் காப்பாளர் அவரே. தமக்கு விருப்பமான பில்லி மர்டாக் காப்பாளராகச் சேர்க்கப்படாததால் வேகப்பந்து வீச்சாளர் பிரெட் ஸ்போபோர்த் அப்போட்டியில் ஆட மறுத்தார். ஒரு பந்துவீச்சாளருக்கு நம்பிக்கையான காப்பாளர் எவ்வளவு முக்கியம் என்பதை இது உணர்த்துகிறது.

லாங் ஸ்டாப் முறை பெரிய போட்டிகளிலிருந்து மறைந்துவிட்டாலும் முற்றிலும் அழிந்துவிடவில்லை. நெய்வேலி, வடக்குத்து போன்ற ஊர்களின் திடல்களில் கையுறையின்றி டென்னிஸ் பந்தில் ஆடும் சிறுவர்கள் கீப்பருக்குப் பின்னால் இன்னொருவரை நிறுத்துவது உண்டு. தேவை ஒன்றாக இருப்பதால் தீர்வும் ஒன்றாக இருக்கிறது.

தனித்திறனாளரின் காலம்

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் காப்பாளர் முதலில் கையுறைத் திறனைக் கொண்டே தேர்வு செய்யப்பட்டார். அவர் எடுக்கும் ஓட்டங்கள் கூடுதல் ஆதாயமாகக் கருதப்பட்டன. ஆஸ்திரேலியாவின் பெர்ட் ஓல்ட்பீல்ட் 54 தேர்வுப் போட்டிகளில் 78 பிடிகளும் 52 ஸ்டம்பிங்குகளும் செய்தார். தேர்வுப் போட்டிகளில் அதிக ஸ்டம்பிங் செய்தவர் என்ற சாதனை இன்றும் அவருடையதே.

இதற்கு விதிவிலக்குகளும் இருந்தன. இங்கிலாந்தின் லெஸ் ஏம்ஸ் முதல்தரப் போட்டிகளில் 102 சதங்கள் அடித்தார். அதே போட்டிகளில் 418 ஸ்டம்பிங்குகளும் செய்தார். இரண்டு திறன்களும் ஒருவரிடம் உச்சநிலையில் அமையக்கூடும் என்பதற்கு அவர் சான்று. இந்தியாவும் தொடக்கத்திலேயே இவ்வழியைத் தொட்டது. 1932 இல் இலார்ட்சில் இந்தியா ஆடிய முதல் தேர்வுப் போட்டியில், இந்தியாவின் முதல் பந்தை எதிர்கொண்ட தொடக்க ஆட்டக்காரர் சனார்தன் நவ்லே, அணியின் இலக்குக் காப்பாளரும் ஆவார்.

சென்னையில் இரண்டு சதங்கள்

1964 சனவரியில் சென்னை மாநகராட்சித் திடலில் (பின்னாளில் நேரு விளையாட்டரங்கம்) இங்கிலாந்துக்கு எதிராகக் காப்பாளர் புதி குந்தரன் தொடக்க ஆட்டக்காரராக இறங்கி 192 ஓட்டங்கள் எடுத்தார். முதல் நாள் முடிவிலேயே அவர் 170 ஓட்டங்களை எட்டியிருந்தார். இந்தியக் காப்பாளர் ஒருவர் எடுத்த அதிக ஓட்டம் என்ற இச்சாதனை 49 ஆண்டுகள் நிலைத்தது.

தேர்வுப் போட்டிகள் சேப்பாக்கத்துக்குத் திரும்பியபின், 1967 சனவரியில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராகக் காப்பாளர் பரூக் எஞ்சினியர் முதல் நாள் மதிய உணவு இடைவேளைக்கு முன்பே 94 ஓட்டங்கள் எடுத்து, மொத்தம் 109 ஓட்டங்களில் ஆட்டமிழந்தார். எதிரணியின் பந்துவீச்சில் வெசுலி ஹால், சார்லி கிரிபித் ஆகிய விரைவு வீச்சாளர்கள் இருந்தனர். காப்பாளரை அதிரடித் தொடக்க ஆட்டக்காரராகப் பயன்படுத்தும் முறை பிற்காலக் கண்டுபிடிப்பு என்று கருதப்படுவதுண்டு. இவ்விரு ஆட்டங்களும் அக்கருத்தை மறுக்கின்றன. எனினும் அன்று இவை தனிமனிதர்களின் இயல்பாகவே பார்க்கப்பட்டன. அணி அமைப்பின் கொள்கையாக அது மாறவில்லை.

சுழற்பந்தும் காப்பாளரும்

இந்தியாவில் கையுறைத் திறனின் மதிப்பு நெடுங்காலம் குறையாமல் இருந்ததற்குச் சுழற்பந்து ஒரு முக்கியக் காரணம். சென்னையில் பிறந்த சையது கிர்மானி 88 தேர்வுப் போட்டிகளில் 160 பிடிகளும் 38 ஸ்டம்பிங்குகளும் செய்தார். பேடி, பிரசன்னா, சந்திரசேகர், தமிழகத்தின் வெங்கட்ராகவன் ஆகியோரின் வெவ்வேறு வகைச் சுழற்சிகளை அவர் கணிக்க வேண்டியிருந்தது. 1983 உலகக்கிண்ணத்தில் சிறந்த காப்பாளருக்கான விருது அவருக்கு வழங்கப்பட்டது.

1988 சனவரியில் சேப்பாக்கத்தில் நரேந்திர ஹிர்வானி தமது முதல் தேர்வுப் போட்டியில் 136 ஓட்டங்களுக்கு 16 இலக்குகளை வீழ்த்தினார். அதே போட்டியில் காப்பாளர் கிரண் மோரே ஆறு ஸ்டம்பிங்குகள் செய்தார். அவற்றுள் ஐந்து மேற்கிந்தியத் தீவுகளின் இரண்டாம் இன்னிங்சில் நிகழ்ந்தவை. ஓர் இன்னிங்சுக்கும் ஒரு போட்டிக்குமான சாதனைகள் இவை. ஹிர்வானியின் பந்துவீச்சு பெரிதும் பேசப்படுகிறது. பின்னால் நின்ற கைகள் அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை.

ஒருநாள் போட்டிகள் தந்த மாற்றம்

ஒருநாள் போட்டியில் ஓவர்கள் வரையறுக்கப்பட்டவை. அணியில் பதினொருவர் மட்டுமே. ஐந்து பந்துவீச்சாளர்களைச் சேர்த்தபின், காப்பாளர் ஓட்டம் எடுக்காதவராக இருந்தால் துடுப்பாட்ட வரிசை ஐந்து பேரோடு முடிந்துவிடும். காப்பாளரே துடுப்பாட்டக்காரரானால் ஆறு பேர் கிடைப்பர். இந்தக் கணக்கு இப்பொறுப்பின் போக்கை மாற்றியது.

1996 உலகக்கிண்ணத்தில் இலங்கை, காப்பாளர் ரொமேசு களுவிதாரணவைச் சனத் ஜயசூரியவுடன் தொடக்க ஆட்டக்காரராக இறக்கியது. 2003 உலகக்கிண்ணத்தில் இந்தியா, முழுநேரக் காப்பாளரல்லாத ராகுல் திராவிடிடமே கையுறைகளைக் கொடுத்து, கூடுதல் துடுப்பாட்டக்காரர் ஒருவருக்கு இடம் உண்டாக்கியது.

தேர்வுப் போட்டிகளில் இம்மாற்றத்தை உறுதிப்படுத்தியவர் ஆஸ்திரேலியாவின் அடம் கில்கிறிஸ்ட். அவருக்கு முன் காப்பாளராக இருந்த இயன் ஹீலியின் துடுப்பாட்டச் சராசரி 27.39. 1999 இல் அவ்விடத்துக்கு வந்த கில்கிறிஸ்ட் 96 போட்டிகளில் 17 சதங்களுடன் 47.60 என்ற சராசரியை எட்டினார். அதன்பின் பிற அணிகளும் தங்கள் காப்பாளரைக் கில்கிறிஸ்டோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கின.

தோனியும் தமிழகக் காப்பாளர்களும்

மகேந்திரசிங் தோனி தமது முதல் தேர்வுப் போட்டியை 2005 டிசம்பரில் சேப்பாக்கத்தில் இலங்கைக்கு எதிராக ஆடினார். 2013 பிப்ரவரியில் அதே மைதானத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 224 ஓட்டங்கள் எடுத்துக் குந்தரனின் சாதனையை முறியடித்தார். அப்போது அவர் அணித்தலைவரும் ஆவார்.

பந்தைப் பிடிக்கும்போது கைகளைப் பின்னோக்கி இழுத்து அதன் வேகத்தை உள்வாங்க வேண்டும் என்பது பழைய பாடம். தோனி சுழற்பந்துக்கு அவ்வாறு செய்யாமல், பந்து கையில் படும் கணத்திலேயே கைகளை இலக்கை நோக்கிச் செலுத்தினார். பன்னாட்டுப் போட்டிகள் அனைத்திலும் சேர்த்து அவர் 195 ஸ்டம்பிங்குகள் செய்துள்ளார். இவற்றுள் 123 ஒருநாள் போட்டிகளில் நிகழ்ந்தவை.

தோனியின் எழுச்சி தமிழகக் காப்பாளர் ஒருவரை நேரடியாகப் பாதித்தது. 1979 இல் இங்கிலாந்தில் நான்கு தேர்வுப் போட்டிகள் ஆடிய பரத் ரெட்டிக்குப் பின், தமிழகத்திலிருந்து இந்திய அணியின் காப்பாளரானவர் தினேஷ் கார்த்திக். 2004 இல் அணிக்கு வந்த அவர், மறு ஆண்டே தோனியிடம் அவ்விடத்தை இழந்தார். பின்னர் துடுப்பாட்டக்காரராக மட்டும் திரும்பி, 2007 இங்கிலாந்துத் தொடரில் தொடக்க ஆட்டக்காரராக 263 ஓட்டங்கள் எடுத்து இந்திய அணியில் முதலிடம் பெற்றார். இருப்பினும் அவர் ஆடிய தேர்வுப் போட்டிகள் மொத்தம் 26 மட்டுமே. அணியில் காப்பாளருக்கு ஓர் இடந்தான் என்பதால், திறமை மிக்க இருவர் ஒரே காலத்தில் பிறந்தால் ஒருவர் வெளியே காத்திருக்க நேர்கிறது.

அடுத்த தலைமுறையில் கோயம்புத்தூரைச் சேர்ந்த காப்பாளர் நாராயண் ஜெகதீசன், 2022 நவம்பரில் அருணாசலப் பிரதேசத்துக்கு எதிரான விசய் அசாரே கோப்பைப் போட்டியில் 277 ஓட்டங்கள் எடுத்தார். 50 ஓவர் ஆட்டங்களில் அன்று அது உலகச் சாதனை. அவர் தேசிய அளவில் அறியப்பட்டது கையுறையால் அன்று, துடுப்பால் என்பது காலத்தின் போக்கைக் காட்டுகிறது.

எண்கள் காட்டும் மாற்றம்

தேர்வுப் போட்டிகளில் நால்வரின் ஆட்டமிழப்புகளில் ஸ்டம்பிங்கின் பங்கு வருமாறு:

ஓல்ட்பீல்ட் (ஆஸ்திரேலியா): மொத்தம் 130, ஸ்டம்பிங் 52 (40 விழுக்காடு)
கிர்மானி (இந்தியா): மொத்தம் 198, ஸ்டம்பிங் 38 (19 விழுக்காடு)
தோனி (இந்தியா): மொத்தம் 294, ஸ்டம்பிங் 38 (13 விழுக்காடு)
மார்க் பவுச்சர் (தென்னாப்பிரிக்கா): மொத்தம் 555, ஸ்டம்பிங் 23 (4 விழுக்காடு)

பவுச்சர் பெரும்பாலும் வேகப்பந்துக்குக் காத்தவர் என்பதையும் கருத வேண்டும். வேகப்பந்தின் பங்கு கூடியதால் காப்பாளர் இலக்கை விட்டு விலகி நிற்கும் நேரமும் கூடியது.

பணிச்சுமையும் காயங்களும்

ஒரு நாளில் 90 ஓவர் வீசப்பட்டால் காப்பாளர் குறைந்தது 540 முறை குந்தி எழ வேண்டும். அதன்பின் முன்வரிசையில் துடுப்பெடுத்து ஆடுவது எளிதன்று. இலங்கையின் குமார் சங்கக்காரவின் தேர்வுச் சராசரி காப்பாளராக ஆடிய போட்டிகளில் 40.48 ஆகவும், கையுறையின்றி ஆடிய போட்டிகளில் 66.78 ஆகவும் இருந்தது. வயதும் அனுபவமும் இவ்வேறுபாட்டில் பங்கு வகித்திருக்கலாம். ஆயினும் இடைவெளி பெரியது.

இலக்கை ஒட்டி நிற்பதில் ஆபத்தும் உண்டு. 2000 ஆம் ஆண்டில் டாக்காவில் அனில் கும்ப்ளேயின் பந்துவீச்சின்போது இந்தியக் காப்பாளர் சபா கரீமின் கண்ணில் அடிபட்டது. 2012 சூலையில் பெயில் ஒன்று தெறித்துக் கண்ணில் பட்டதால் பவுச்சரின் ஆட்ட வாழ்வே முடிந்தது.

இன்றைய நிலை

இன்று காப்பாளருக்குப் புதிய பொறுப்புகளும் சேர்ந்துள்ளன. நடுவரின் தீர்ப்பை மறுபரிசீலனைக்கு அனுப்ப அணித்தலைவருக்கு 15 நொடிகளே கிடைக்கின்றன. பந்தின் பாதையை நேர்கோட்டில் காண்பவர் காப்பாளர் என்பதால், அவர் சொல்லுக்கு அங்கே எடை அதிகம். இருபது20 ஆட்டங்களின் கடைசிப் பந்தில் காப்பாளர் ஒரு கையுறையைக் கழற்றி வைத்து ஓட்டமிழப்புக்கு ஆயத்தமாவதும் வழக்கமாகியுள்ளது. 2016 உலகக்கிண்ணத்தில் வங்காளதேசத்துக்கு எதிராகத் தோனி இவ்வாறு நின்று, ஓடிவந்து இலக்கைத் தகர்த்ததால் இந்தியா ஓர் ஓட்டத்தில் வென்றது.

கையுறையா துடுப்பா என்ற கேள்வி மட்டும் தீரவில்லை. 2021 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் பந்து கடுமையாகச் சுழன்ற போட்டியில், இங்கிலாந்தின் பென் போக்சு காத்த இன்னிங்சில் இந்தியாவின் 329 ஓட்டங்களில் ஓர் உதிரி ஓட்டங்கூட இல்லை. 1955 இல் லாகூரில் பாக்கித்தான் உதிரியின்றி எடுத்த 328 ஓட்டங்களே அதற்கு முந்தைய சாதனை. பந்துவீச்சாளர்களின் கட்டுப்பாட்டோடு காப்பாளரின் கைகளும் இதற்குக் காரணம். அதே போட்டியில் இந்தியக் காப்பாளர் ரிசப் பண்ட் ஆட்டமிழக்காமல் 58 ஓட்டங்கள் எடுத்தார். 2022 டிசம்பரில் சாலை விபத்தில் படுகாயமுற்ற பண்ட், 2024 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் வங்காளதேசத்துக்கு எதிராக மீண்டும் தேர்வுப் போட்டிக்குத் திரும்பி 109 ஓட்டங்கள் எடுத்தார்.

காப்பாளர் எடுக்கும் ஓட்டங்கள் ஒவ்வொன்றும் ஓட்டப் பட்டியலில் பதிவாகின்றன. அவர் தவறவிடும் பிடி அதில் பதிவாவதில்லை. தவறவிடப்பட்டவர் பின்னர் எடுக்கும் ஓட்டங்கள் அந்தத் துடுப்பாட்டக்காரரின் பெயரிலேயே எழுதப்படுகின்றன. எனவே எண்களை மட்டும் கொண்டு தேர்வு செய்தால் துடுப்பின் பக்கமே தராசு சாயும். பந்து திரும்பும் ஆடுகளங்களில் அந்தக் கணக்கு பிழைபடக்கூடும் என்பதைச் சேப்பாக்கம் 1988 இலும் 2021 இலும் காட்டியுள்ளது.