கவரிமா அல்லள் பெண்

திருக்குறளின் மானம் என்னும் அதிகாரத்தில், 969 ஆம் குறளில், வள்ளுவர் ஒரு விலங்கைக் காட்டுகின்றார். தன் மயிரை இழந்தால் உயிர் வாழாத கவரிமா அது. மானம் கெடும் நிலை வரின் உயிரையே துறக்கும் பெருமக்களுக்கு அதனை உவமையாக்கினார் அவர். பனிமலையில் வாழும் அவ்விலங்குக்கு மயிரே போர்வை. போர்வை போனால் குளிர் கொல்லும். ஆதலின் உவமை நன்கு பொருந்துகின்றது. ஆனால் நம்மவர் காலப்போக்கில் உவமையைப் பற்றிக்கொண்டு பொருளைக் கைவிட்டனரோ என்று ஐயுற வேண்டியிருக்கின்றது. மயிரும் மானமும் ஒன்றே என்னும் எண்ணம், சிறப்பாகப் பெண்ணின் கூந்தலைப் பொறுத்தவரை, நம்மிடையே ஆழ வேரூன்றி நிற்கின்றது. அவ்வெண்ணத்துக்கு ஓர் உயிரே விலையாகவும் கூடும் என்பதை மார்புப் புற்றுநோய் நமக்கு உணர்த்துகின்றது.

கூந்தலுக்கு இயற்கையிலே மணம் உண்டா என்னும் வினா நம் இலக்கிய உலகில் பெரும் புயலைக் கிளப்பியது. குறுந்தொகையின் இரண்டாம் பாடலை வைத்து, இறைவனோடு நக்கீரர் வாதிட்ட கதையை அறியாத மாணவர் இல்லை. கண்ணகியின் சினத்தைக் காட்ட இளங்கோவடிகளுக்கு அவள் விரிந்த கூந்தல் வேண்டியிருந்தது. அக்கண்ணகிக்குக் காரைதீவு, பட்டிமேடு முதலிய கிழக்கிலங்கை ஊர்களில் இன்றும் வழிபாடு நிகழ்கின்றது.

அதே கரையில், ஒலுவிலுக்கும் அட்டாளைச்சேனைக்கும் நடுவே கடலை நோக்கிக் கிடக்கும் பாலமுனையிலும் முடிக்கு ஒரு மதிப்பு உண்டு. முஸ்லிம் குடும்பத்திற் பிறந்த குழந்தைக்கு ஏழாம் நாளில் முடியிறக்கி, அம்முடியின் எடைக்கு வெள்ளியைத் தருமம் செய்வது நெடுங்கால வழக்கம். ஹஜ்ஜுக் கடமையை முடிக்கும் ஆண் தலையை மழிக்கின்றான். பெண்ணோ கூந்தலின் நுனியில் விரற்கடை அளவே கத்தரிக்கின்றாள். தமிழகத்தில் ஒரு காலத்தில் சில குலங்கள் கைம்பெண்ணின் தலையை மழித்தன. அஃது அவளை இழிவுபடுத்திய கொடுமை. ஆக, இவ்வழக்கங்களில் வளர்ந்த பெண்ணின் வெறுந்தலைக்கு ஒரு நல்ல பொருள் இல்லை. இந்நிலையில் மருந்தினால் தலை வெறுமையாகும்போது, அதனை எவ்வாறு எடுத்துக்கொள்வது என்று அவளுக்குச் சொல்லித்தர இவ்வழக்கங்கள் முன்வருவதில்லை.

முடி ஏன் உதிர்கின்றது?

இலங்கைப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் மார்புப் புற்றுநோயே. பாலமுனைப் பெண்ணொருத்திக்கு அது கண்டறியப்பட்டால், அவள் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கோ, இரவு முழுதும் பேருந்தில் பயணஞ்செய்து மகரகமையிலுள்ள அபேக்ஷா வைத்தியசாலைக்கோ செல்ல வேண்டியிருக்கும். அங்கே வைத்தியர் சத்திர சிகிச்சையையும் கீமோதெரபி என்னும் மருந்துச் சிகிச்சையையும் பற்றிப் பேசும்போது, பலருடைய உள்ளத்தில் எழும் முதல் வினாக்களுள் ஒன்று, "முடி எல்லாம் போய்விடுமா?" என்பதுதான். அதனை அற்பமென்று தள்ளுதல் தகாது. நோய் உள்ளே இருப்பது; பிறர் கண்ணுக்குத் தெரியாதது. முடி உதிர்வோ ஊரறியச் செய்வது. "இவளுக்கு இன்ன நோய்" என்று வாய் திறவாமலே பறைசாற்றிவிடுகின்றது அது.

இம்மருந்துகளின் வரலாறு வியப்பூட்டுவது. 1942 இல் யேல் பல்கலைக்கழகத்தில் குட்மன், கில்மன் என்னும் இருவர், போர்க்கள நச்சுவாயுவோடு உறவுடைய ஒரு பொருளைப் புற்றுநோய்க்கு மருந்தாக்கினர். 1976 இல் இத்தாலிய வைத்தியர் பொனடோனா, சத்திர சிகிச்சைக்குப் பின் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதால் மார்புப் புற்றுநோய் மீண்டும் வருவது குறைகின்றது என்று காட்டினார். அம்மூன்றில் ஒன்றான சைக்ளோபொஸ்பமைட், அந்த நச்சுவாயுவின் வழித்தோன்றலே. இன்று பயன்படும் மருந்துகளுள் டொக்ஸோரூபிசின் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிடமிருந்தும், பக்லிடக்ஸல் ஒரு மரத்தின் பட்டையிலிருந்தும் முதலிற் கிடைத்தவை.

புற்றுநோய்க் கலங்கள் ஓயாது பிளந்து பெருகுபவை. ஆகவே பெருகும் கலங்களைத் தேடி அழிப்பதே இம்மருந்துகளின் தொழில். நம் உடலில் அவ்வாறு விரைந்து பெருகும் நல்ல கலங்களும் உள. முடியின் வேர்க்குமிழில் உள்ளவை அவற்றுள் முதன்மையானவை. தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடிகள் உண்டு. எந்த வேளையிலும் அவற்றில் நூற்றுக்கு 85 முதல் 90 வரை வளரும் பருவத்தில் இருக்கின்றன. மருந்துக்குப் பகைவன் யார், நண்பன் யார் என்று தெரியாது. முதல் மருந்து ஏறிய இரண்டு மூன்று வாரங்களில் தலையணையில் முடி கற்றையாகக் காணப்படுவது இதனாலேயே. புருவமும் இமைமயிரும் உதிர்தல் உண்டு.

எவ்வாறு மீள்கின்றது?

ஆயின் இயற்கை ஒரு சேமிப்பை வைத்திருக்கின்றது. வேர்க்குமிழுக்குச் சற்று மேலே, தோலினுள், மூலக்கலங்கள் சில அமைதியாக உறங்குகின்றன. அவை விரைந்து பெருகாதவை. ஆதலின் மருந்தின் கண்ணுக்குப் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. வேளாண்மை வெட்டிய வயலில், நிலத்தில் நின்ற தாளிலிருந்து மறுதாம்பு துளிர்ப்பதை அம்பாறை மாவட்டத்தார் அறிவர். ஏறக்குறைய அதுவே இங்கும் நிகழ்கின்றது. கதிர் போயிற்று, வேர் போகவில்லை.

கடைசி மருந்து முடிந்த சில வாரங்களில் மெல்லிய பூனைமயிர் தோன்றும். இரண்டு மூன்று மாதங்களில் உண்மையான முடி தலையை மூடத் தொடங்கும். முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் வளர்வது. அக்கணக்கின்படி ஓராண்டில் பன்னிரண்டு சென்ரிமீற்றர்; இடுப்பளவு கூந்தலுக்கு ஐந்தாண்டேனும் வேண்டும். பொறுமையே இதற்கு உரம். முன்பு நேராக இருந்த முடி இப்போது சுருண்டு வரலாம். கருமை மாறி நரையோடு எழலாம். பெரும்பாலோர்க்கு இம்மாற்றங்கள் நாளடைவில் மறைந்து பழைய தன்மை திரும்புகின்றது.

முழு உண்மையையும் சொல்ல வேண்டும். டொசிடக்ஸல் முதலிய சில மருந்துகளுக்குப் பின், சிலருக்கு முடி முன்போல் அடர்த்தியாக வருவதில்லை. சிகிச்சைக்குப் பின் ஐந்தாண்டும் அதற்கு மேலும் உட்கொள்ளும் தமொக்சிபன் போன்ற குளிகைகளாலும் முடி மெலிதல் உண்டு. மருந்து ஏறும்போது தலையைக் குளிர்விக்கும் தொப்பியை அணிவித்தால், அங்கே குருதியோட்டம் குறைந்து வேருக்குச் செல்லும் மருந்தும் குறையும். 2017 இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், அத்தொப்பி அணிந்த மார்புப் புற்றுநோயாளருள் ஏறத்தாழ பாதிப்பேர் தம் முடியின் பெரும்பகுதியைக் காத்துக்கொண்டனர். ஆயினும் அஃது எங்கும் எளிதிற் கிடைக்கும் வசதியன்று. முடி வளர்க்கும் எண்ணெயென்றும் சூரணமென்றும் விற்கப்படுவனவற்றை வாங்குமுன் தம் வைத்தியரைக் கேட்பதே அறிவுடைமை. புதுமுடிக்குச் சாயம் பூசவும் சிலகாலம் பொறுத்திருத்தல் நன்று.

முக்காடு போதுமா?

"நம் பெண்களுக்கு இது பெருந்துன்பம் அன்று, முக்காடு இருக்கின்றதே, யார் காணப்போகின்றார்?" என்று சிலர் கூறுவர். இதில் பாதி உண்மை உண்டு. சந்தையிலும் பேருந்திலும் பிறர் கண்ணிலிருந்து முக்காடு அவளைக் காக்கின்றது. ஆனால் வீட்டினுள்ளே கண்ணாடி இருக்கின்றது, கணவன் இருக்கின்றான், "உம்மா, உங்கட முடி எங்கே?" என்று கேட்கும் குழந்தை இருக்கின்றது. ஊருக்குக் காட்டாத கூந்தல், அவள் தன் வீட்டாருக்கென்றே பேணி வைத்த செல்வம். அங்கேதான் இழப்பு மிகக் கூர்மையாக உறைக்கின்றது. மேலும், எல்லாரும் மறைப்பதால், அடுத்த வீட்டுப் பெண்ணும் இதே வழியைக் கடந்து மீண்டவள் என்பது இவளுக்குத் தெரியாமலே போகின்றது. பிறர் பார்வையைத் தடுக்கும் திரை, பிறர் ஆறுதலையும் தடுத்துவிடலாகாது.

2019 இல் கேரளத்தின் திருச்சூர் மாவட்டத்தில் அபர்ணா லவகுமார் என்னும் பெண் காவலர், புற்றுநோயாளருக்குப் பொய்முடி செய்யத் தம் நீண்ட கூந்தலை முழுதும் மழித்துக் கொடுத்தார். வெறுந்தலையோடு சீருடையணிந்து அவர் கடமையாற்றியபோது, அத்தலைக்கு நாடு ஒரு புதுப்பொருளைக் கற்றுக்கொண்டது. பொய்முடி அணிதல் பற்றி மார்க்க அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு; அதனை அவரவர் கேட்டறிந்துகொள்ளலாம். ஆயின் துணை நிற்றல் பற்றி எவரிடத்தும் கருத்து வேற்றுமை இருத்தற்கில்லை.

ஆசிரியர்களுக்கு இங்கே ஒரு பணி உண்டு. வகுப்பில் ஒரு மாணவியின் தாய் இந்நோயால் வாடுகின்றாள் என்றால், அம்மாணவி கூடையளவு வதந்தியோடு பள்ளிக்கு வருகின்றாள். முடி உதிர்வது நோய் முற்றியதன் அடையாளம் அன்று, அது மருந்தின் விளைவு, பெரும்பாலும் மீள்வது. இந்த மூன்று வாக்கியங்களை அவளுக்குச் சொல்ல ஓர் ஆசிரியராலே முடியும். கணவன்மாருக்கும் ஒரு சொல்: மருந்துக்கு முன்பே கூந்தலைக் குட்டையாக வெட்டிக்கொள்ள மனைவி விரும்பினால், கத்தரியை எடுத்துக்கொடுத்து அருகில் இருங்கள், அந்நேரம் அறிவுரை வேண்டாம்.

அனைத்தினும் முக்கியமானது ஒன்று. மார்பில் கட்டியொன்று கைக்குத் தட்டுப்பட்டும், சிகிச்சையால் முடி போய்விடுமே என்று அஞ்சி நாளைக் கடத்தும் பெண், தன்னை அறியாமலே கவரிமாவின் வழியைத் தேர்கின்றாள். வள்ளுவர் அவ்விலங்கைப் பாடியது மானத்தின் பெருமையைச் சொல்லவே. மயிரின் பெருமையைச் சொல்ல அன்று. நோயை எதிர்த்து நின்று, தலை வெறுமையாகி, மீண்டும் தன் பிள்ளைக்குச் சோறூட்ட எழுந்து வருகின்றவளிடத்தே அந்த மானம் குறைவின்றி இருக்கின்றது. முடி பெரும்பாலும் மீள்வது. கடத்திய காலமோ மீளாதது.