கருவுக்காகப் பேசுவது யார்?

தென்காசியில் காசி விஸ்வநாதர் கோயில். அங்கிருந்து பஸ் ஏறினால் ஒரு பக்கம் குற்றாலநாதர் சன்னதி, இன்னொரு பக்கம் பொட்டல்புதூர் தர்கா. ‘கருவைக் கலைக்கலாமா?’ன்னு கேட்டா இங்கே வீட்டுக்கு வீடு பதில் மாறும்.

தர்ம சாஸ்திரங்களுக்கு அது பெரும்பாவம். கத்தோலிக்கத் திருச்சபைக்குக் கரு உருவான கணமே உயிர். இஸ்லாமிய அறிஞர்கள் பலர் 120 நாளைக் கணக்கு வைக்கிறார்கள். அதன்பின் தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் மட்டுமே அனுமதி.

சட்டம் வேற ரூட். 20 வாரம் வரை ஒரு டாக்டர் ஒப்புதல். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர்கள் உள்ளிட்ட சிலருக்கு 24 வரை, இரண்டு டாக்டர். அதைத் தாண்டினால் கருவில் கடும் குறைபாடோ தாயின் உயிருக்கு ஆபத்தோ இருக்கணும்.

2023 அக்டோபர். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கு மருந்து எடுத்துவந்த, இரண்டு குழந்தைகளின் தாய் ஒருவர் 26 வாரக் கருவோடு உச்ச நீதிமன்றம் போனார். 9ஆம் தேதி அனுமதி கிடைத்தது. ‘கரு உயிரோடு இருக்கே, என்ன செய்ய?’ என எய்ம்ஸ் மருத்துவர் கேட்க, எல்லாம் மாறியது. துடிக்கும் இதயத்தை நிறுத்தச் சொல்ல ஹிமா கோலிக்கு மனம் வரவில்லை. பெண்ணின் முடிவை மதிக்கணும் என்றார் நாகரத்னா. இருவருமே பெண் நீதிபதிகள்!

16ஆம் தேதி மூன்று நீதிபதிகள் அமர்வு அனுமதி மறுத்தது. பிரசவச் செலவு அரசுடையது. குழந்தையைத் தத்துக் கொடுப்பதா என்பது மட்டும் பெற்றோர் முடிவு.