குளிர்கடல் நுண்ணுயிர்களும் மருந்துப் பொருள்களும்

மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் மனிதனுக்கு அளித்துள்ள மருந்துகள் பல. 1943-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வாக்ஸ்மன் என்னும் அறிஞரின் ஆய்வுக்கூடத்தில், அவருடைய மாணவர் ஷாட்ஸ், மண்ணிலிருந்து பிரித்தெடுத்த பாக்டீரியாவில் ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டார். நுண்ணுயிர்களிலிருந்து பெற்ற மருந்துகளுள் காச நோய்க்குப் பயன்பட்ட முதல் மருந்து அதுவே. அதன் பின்னர் பல நாடுகளிலும் ஆராய்ச்சியாளர் பிடி மண்ணைத் தேடிச் சேகரிக்கலாயினர். நாளடைவில் முன்பே அறிந்த பொருள்களே மீண்டும் மீண்டும் கிடைத்தன. ஆகவே, வேறு சூழல்களில் வாழும் நுண்ணுயிர்களை நாட வேண்டியதாயிற்று. அவ்வாறு நாடப்பட்ட இடங்களுள் ஒன்று, துருவங்களைச் சூழ்ந்த குளிர்கடல்.

உப்பு கலந்திருப்பதால் கடல்நீர் சுமார் -1.8 டிகிரி செண்டிகிரேடில்தான் உறைகிறது. அண்டார்க்டிகாவை அடுத்த கடலில் வாழும் உயிர்கள் ஆண்டின் பெரும்பகுதியை இக்குளிரிலேயே கழிக்கின்றன. மார்கழிக் காலையில் தேங்காயெண்ணெய் உறைவதையும், நல்லெண்ணெய் உறையாமல் இருப்பதையும் யாவரும் அறிவர். ஆசிரியர்கள் இதை வகுப்பிலேயே செய்து காட்டலாம். நல்லெண்ணெயில் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் மிகுதி. குளிர்கடல் பாக்டீரியாக்களும் இவ்வகை அமிலங்களைத் தம் உயிரணுச் சவ்வில் மிகுதியாகச் சேர்த்து, அது இறுகாமல் காக்கின்றன. அவற்றின் நொதிகளும் தாழ்ந்த வெப்பநிலையில் இயங்கும் நெகிழ்ச்சி உடையவை. வாழ்க்கை முறை வேறாயின் அவை உண்டாக்கும் பொருள்களும் வேறாகலாம் என்பது எதிர்பார்ப்பு. எனினும், குளிர் மட்டுமே மருந்தை உண்டாக்கிவிடாது.

இதற்கு ஒரு சிறந்த எடுத்துக்காட்டு பாமரோலைடு-ஏ என்னும் பொருளாகும். அண்டார்க்டிகத் தீபகற்பத்தை அடுத்த அன்வர்ஸ் தீவில் பாமர் நிலையம் என்ற அமெரிக்க ஆராய்ச்சி நிலையம் உள்ளது. அதன் அருகே கடலடிப் பாறைகளில் சினோயிகம் அடாரியானம் என்னும் அசிடியன் வகைப் பிராணி ஒட்டி வாழ்கிறது. அசிடியன்கள் பை போன்ற உடலுடையவை. நீரை உள்ளிழுத்து, அதிலுள்ள நுண்ணிய உணவை வடித்து உண்பவை. தூத்துக்குடித் துறைமுகக் கற்களிலும் இவ்வினத்தைச் சேர்ந்தவற்றைக் காணலாம். இளமையில் தலைப்பிரட்டை போல நீந்தும்போது இவற்றுக்கு முதுகுநாணும் உண்டு. வளர்ந்து ஓரிடத்தில் ஒட்டிய பின்னர் ஓடவோ ஒளியவோ இயலாது. இத்தகைய பிராணிகள் பல, தம்மைத் தின்ன வருவனவற்றை உடலிலுள்ள இரசாயனப் பொருள்களால் விலக்குகின்றன.

இப்பிராணியிலிருந்து பாமரோலைடு-ஏ பிரிக்கப்பட்ட செய்தியைப் பில் பேக்கர் முதலிய ஆராய்ச்சியாளர் 2006-இல் வெளியிட்டனர். ஆய்வுக்கூடச் சோதனையில் அது மெலனோமா என்னும் கொடிய தோல் புற்றுநோயின் உயிரணுக்களை மிகச் சிறிய அளவிலேயே அழித்தது; சோதிக்கப்பட்ட பிற புற்றுநோய் உயிரணுக்களுள் பெரும்பாலானவற்றை அவ்வளவாகத் தாக்கவில்லை. உயிரணுக்களில் ஹைட்ரஜன் அயனிகளைத் தள்ளும் பம்பு போன்ற புரதம் ஒன்றுண்டு. பாமரோலைடு அதன் இயக்கத்தைத் தடுக்கிறது.

மருந்தாக்க வேண்டுமாயின் பொருள் போதிய அளவில் வேண்டும். வெப்பக் கடலில் வாழும் மற்றொரு அசிடியனிலிருந்து கிடைத்த டிரபெக்டெடின் என்னும் புற்றுநோய் மருந்தைப் பெற, கிராம் ஒன்றுக்குச் சுமார் ஒரு டன் பிராணி தேவைப்பட்டது. பின்னர், வளர்க்கக்கூடிய வேறொரு பாக்டீரியா தரும் பொருளை மாற்றியமைத்து அதைத் தயாரிக்கலாயினர். அண்டார்க்டிகாவிலோ டன் கணக்கில் பிராணிகளை வாரி எடுப்பது நினைக்கவும் தகாதது. 1991-இல் மாட்ரிட் நகரில் கையெழுத்தான உடன்படிக்கை, அமைதிக்கும் விஞ்ஞானத்துக்குமென அப்பகுதியை ஒதுக்கியுள்ளது. 1983-இல் அண்டார்க்டிக ஒப்பந்தத்தில் சேர்ந்த இந்தியாவுக்கும் இதில் பொறுப்பு உண்டு. இரசாயன முறையில் பாமரோலைடை 2007-இலேயே தயாரித்தனர். முதலில் வரைந்த அணு அமைப்பில் இருந்த பிழையும் அப்போதுதான் வெளிப்பட்டது. ஆனால், அம்முறை பல படிகளைக் கொண்ட நீண்ட வழி.

ஆகவே, இதை உண்மையில் உண்டாக்குவது யார் என்ற வினா முக்கியமாயிற்று. பாமரோலைடு பெரிய வளைய அமைப்புடையது. மண் பாக்டீரியா தரும் எரித்ரோமைசினும் இவ்வகையே. இதனால் ஐயம் பிராணியை விட்டு அதனுள் வாழும் பாக்டீரியாக்களின் மீது விழுந்தது. அலிசன் மர்ரியும் அவருடன் பணியாற்றியோரும் அசிடியனின் உடலிலுள்ள மரபணுப் பொருளை ஆராய்ந்தனர். சுற்றியுள்ள நீரில் வாழும் பாக்டீரியாக்களினின்று வேறுபட்டு, அசிடியன்களில் பொதுவாகக் காணப்பட்டவை 21 வகைகள். அவற்றுள் ஒன்றில், பாமரோலைடை உண்டாக்கத் தேவையான மரபணுக்களின் தொகுதி இருந்தது. ஒன்றன்று, சிறு வேறுபாடுகளுடன் ஐந்து தொகுதிகள்! இம்முடிவு 2021-இல் வெளியாயிற்று.

இம்மரபணுக்களை எளிதில் வளரும் வேறொரு பாக்டீரியாவில் புகுத்திப் பொருளை உண்டாக்க வழி உண்டு. தொகுதி மிக நீளமானதாகையால் அது எளிய வேலையன்று. பாமரோலைடு இன்னும் நோயாளிக்குத் தரப்படும் மருந்தாகவில்லை. அதை உண்டாக்கும் பாக்டீரியாவுக்கு இடப்பட்ட பெயர் கேண்டிடேட்டஸ் சினோயிகோஹாபிட்டன்ஸ் பாமரோலிடிகஸ் என்பது. மரபணுக்களால் மட்டும் அறியப்பட்டு, ஆய்வுக்கூடத்தில் தனியே வளர்க்கப்படாத பாக்டீரியாக்களின் பெயருக்கு முன்னரே கேண்டிடேட்டஸ் என்னும் சொல்லைச் சேர்ப்பது வழக்கம்.