நாற்பதுகளின் தட்டில் எழுபதின் நினைவு

1993ஆம் ஆண்டு சிங்கப்பூரின் அரசு அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஒரு விசாரிப்பு தொடங்கியது. கீரை வாரத்துக்கு எத்தனை முறை? பழம்? இறைச்சி? இப்படி 165 உணவுகளைப் பற்றிய கேள்விகள். 1998க்குள் 45 முதல் 74 வயது வரையிலான 63,257 சீனர்கள் பதில் சொல்லியிருந்தார்கள்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, அவர்களில் 16,948 பேரிடம் வேறுவிதமான கேள்விகள் கேட்கப்பட்டன. இன்று என்ன தேதி? சற்றுமுன் சொன்ன சொற்கள் ஞாபகம் இருக்கிறதா? 2,443 பேர் தடுமாறினார்கள். இரண்டு பதில்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஒரு தொடர்பு தெரிந்தது. நடுவயதில் தாவர உணவை மிகுதியாக உண்டவர்களுக்கு, மிகக் குறைவாக உண்டவர்களைவிட அறிவாற்றல் குறையும் வாய்ப்பு 18 சதவீதம் குறைவு. முழுத்தானியம், காய், பருப்பு, கொட்டை வகைகள் என்று தேர்ந்து உண்டவர்களுக்கு 22 சதவீதம் குறைவு.

இந்த இரண்டாவது எண்ணில்தான் விஷயம் இருக்கிறது. வெள்ளைச் சோறும் மைதா பிஸ்கட்டும் சர்க்கரை பானமும்கூடச் சைவம்தான். ஆனால் தாவர உணவின் தரத்துக்கு மதிப்பெண் இட்ட இந்த இரண்டாவது கணக்கில் அவை மதிப்பெண்ணைக் குறைத்தன. காய்கறியோடு மீனுக்கும் இடம்தரும் மத்தியதரைக்கடல் உணவுமுறைக்கு நெருக்கமாக உண்டவர்களுக்கோ வாய்ப்பு 33 சதவீதம் குறைவாக இருந்தது. இறைச்சியை விலக்கினால் மட்டும் போதாது. அந்த இடத்தில் எதை வைக்கிறோம் என்பதே முக்கியம்.

நடுவயதுக்கு ஏன் இத்தனை மதிப்பு? உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, உடல் செலவழிக்கும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. அதைக் கொண்டுசேர்ப்பவை நுண்ணிய ரத்தக் குழாய்கள். உயர் ரத்த அழுத்தமும் சர்க்கரை நோயும் அவற்றைச் சத்தமில்லாமல் சிதைக்கின்றன. அல்சைமர் நோயில் மூளையில் படியும் அமிலாய்டு புரதமும், மறதி தலைகாட்டுவதற்குப் பதினைந்து இருபது ஆண்டுகளுக்கு முன்பே சேரத் தொடங்கிவிடுகிறது.

ஆனாலும் தொடர்பு வேறு, காரணம் வேறு. நன்றாக உண்பவர்கள் நன்றாக நடக்கவும் உறங்கவும் கூடும். 2023இல் வெளியான ஓர் அமெரிக்கப் பரிசோதனையில், 65 வயது கடந்த 604 பேரில் ஒரு பகுதியினர் கீரையும் பெர்ரிப் பழங்களும் கொட்டைகளும் நிறைந்த ‘மைண்ட்’ உணவை மூன்று ஆண்டுகள் உண்டார்கள். வழக்கமான உணவையே அளவு குறைத்து உண்ட மற்றவர்களைவிட அவர்களுடைய அறிவாற்றல் குறிப்பிடும்படி மேம்படவில்லை. பல பத்தாண்டுகளாக வளரும் ஒரு சிதைவுக்கு, அறுபத்தைந்துக்குப் பிறகான மூன்றாண்டு மிகக் குறுகிய காலமாக இருக்கலாம்.

சைவ உணவு உண்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. நரம்புகளின் உறையைக் காக்கும் வைட்டமின் பி12ஐச் செடிகள் தருவதில்லை. ஈரலில் உள்ள சேமிப்பு சில ஆண்டுகள் தாங்கும் என்பதால் குறை தாமதமாகவே தெரியும். சில சமயம் மறதியாகவே தெரியும். பால், தயிர் போதாதவர்களுக்கு மாத்திரை தேவைப்படும். ஒரு ரத்தப் பரிசோதனை அதைச் சொல்லிவிடும்.

தேதி கேட்கப்படும் நாளுக்கு இன்னும் இருபது ஆண்டுகள் இருக்கலாம். கீரை வாரத்துக்கு எத்தனை முறை என்ற கேள்விக்கு இன்றே பதில் வேண்டும்.