நம் கருவியை நாமே செய்வோம்

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்குக் கருவியின் அருமை தெரியாமல் இல்லை. விடியுமுன் எழுந்து, விளக்கு வெளிச்சத்தில் கல்லில் தண்ணீர் தெளித்துப் பால்வெட்டும் உளியைத் தீட்டிய தாய்மார்களை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். உளி மழுங்கினால் பட்டை கிழியும்; ஆழமாகப் போனால் மரம் காயப்படும். 1888 முதல் 1911 வரை சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவை நடத்திய ரிட்லி, மரத்தைக் கெடுக்காமல் மீண்டும் மீண்டும் பால் எடுக்கும் முறையை வகுத்தார் என்று படிக்கிறோம். அந்த முறையை நாள்தோறும் மரத்தில் செய்து காட்டியவை நம்மவர் கையும் அந்தக் கையிலிருந்த உளியுமே.

ஆனால் ஒன்று கேட்கிறேன். தீட்டத் தெரிந்த நமக்கு, ஒரு கருவியைச் செய்யத் தெரியுமா?

என் அப்பாவுக்குத் தெரியும். தோட்டத்து ரப்பர் தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்க்கும் வேலை அவருக்கு. அவருடைய மரப்பெட்டியில் இருந்த கருவிகளில் பாதி, கழித்துப் போட்ட இரும்பிலிருந்து அவரே செய்தவை. நான் ஆசிரியர் பயிற்சிக்குப் போனேன். சுண்ணாம்புக் கட்டியைப் பிடித்தேன். அப்பாவின் பெட்டி என் வீட்டுப் பின்கட்டில் தூசி படிந்து கிடந்தது. சென்ற பள்ளி விடுமுறையில்தான் அதைத் திறந்தேன்.

காரணம், பக்கத்து வீட்டுப் பையன். இரண்டாம் படிவத்தில் படிக்கிறான். "படிப்பு ஏறாத பிள்ளை" என்று பெற்றோரே சொல்லிவிட்டார்கள். ஒருநாள் என் மகனோடு சேர்ந்து ஓர் இரும்புத் தகட்டில் துளை போட முயன்றான். துளையிடும் ஊசி வழுக்கி வழுக்கி ஓடியது. "முதலில் ஒரு குழி குத்தணும்டா, அப்பத்தான் ஊசி நிக்கும்" என்றேன். "எதால குத்துறது சார்?" என்றான். அந்தக் கேள்வியில் ஆரம்பித்தது.

எந்த இரும்பு?

மையக்குத்தி ஒன்று, வெட்டிரும்பு ஒன்று. பட்டறையில் சென்டர் பஞ்ச், சிசல் என்பார்களே, அவைதான். வைஸ் ஒன்றும் துளைபோடும் இயந்திரம் ஒன்றும் வைத்து வீட்டில் சிறு பட்டறை நடத்த நினைப்பவர்களுக்கு முதலில் வேண்டியவை இவை.

எல்லா இரும்பும் இதற்கு உதவாது. கட்டடக் கம்பியில் கார்பன் என்னும் கரிச்சத்து பெரும்பாலும் 0.3 விழுக்காட்டுக்கும் குறைவு. எவ்வளவு காய்ச்சி நனைத்தாலும் அது போதிய அளவு கடினமாகாது. கார்களின் சுருள்வில்லில் ஏறக்குறைய 0.6 விழுக்காடு இருக்கும். அரத்தில் 1 விழுக்காட்டுக்கும் மேல். பழைய இரும்புக் கடையில் கழற்றிப் போட்டிருக்கும் சுருள்வில்லை வாங்குங்கள். வண்டியில் அமுங்கி இருக்கும் வில்லை நீங்களாகக் கழற்றப் போகாதீர்கள். அது தெறித்தால் உயிருக்கே ஆபத்து.

சந்தேகம் இருந்தால் சிறு துண்டு ஒன்றைச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் நனைத்து, அரத்தால் தேய்த்துப் பாருங்கள். அரம் கண்ணாடிமேல் போவதுபோல் வழுக்கினால் நல்ல எஃகு. கடித்தால் அதைப் போட்டுவிடுங்கள்.

காய்ச்சுவதும் நனைப்பதும்

வெட்டவெளியில் கரி அடுப்பு மூட்டினோம். காற்றுக்கு, என் மனைவி கழித்துப் போட்ட தலைமுடி உலர்த்தி. வில்லிலிருந்த சாயத்தை முதலில் சுரண்டி எடுத்தோம். பிறகு சிவக்கக் காய்ச்சி, சுத்தியலால் அடித்து நேராக்கி, காய்ந்த சாம்பலில் புதைத்து இரவு முழுதும் விட்டோம். மெல்ல ஆறினால் எஃகு இளகி, அரத்துக்கு வசப்படும்.

மறுநாள் அறுத்தோம். மையக்குத்திக்கு 100 மில்லிமீட்டர், வெட்டிரும்புக்கு 150. குத்தியின் கூர் 90 பாகை. வெட்டிரும்பின் வாய் 60 பாகை. பாகைமானியைக் கண்டாலே முகம் சுளிக்கும் அந்தப் பையன், அட்டையில் கோணம் வெட்டி வைத்துக்கொண்டு, பத்துத் தடவை அளந்து அளந்து அராவினான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்தது பதம் போடுவது. முனையில் 25 மில்லிமீட்டர் அளவு செக்கச் சிவக்கக் காய வேண்டும். எவ்வளவு சிவப்பு? அதற்குக் காந்தம் சாட்சி. ஏறக்குறைய 770 பாகை செல்சியஸில் இரும்பு காந்தத்தில் ஒட்டாது. ஒட்டாத நிலை வந்ததும் இன்னும் கொஞ்சம் காயவிட்டு, எண்ணெயில் நேராக இறக்க வேண்டும். நாங்கள் சமையலுக்கு வாங்கும் செம்பனை எண்ணெயையே இரும்பு வாளியில் ஊற்றி வைத்தோம். பிளாஸ்டிக் வாளி கூடவே கூடாது. எண்ணெய் தீப்பிடித்தால் மூட ஓர் இரும்பு மூடி பக்கத்தில் இருக்கட்டும், தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். இந்த வேலையைப் பெரியவர்தான் செய்ய வேண்டும், நீண்ட குறடு பிடித்து.

அவசரம் கொடுத்த பாடம்

நனைத்து எடுத்ததும் பையனுக்குப் பொறுக்கவில்லை. நான் திரும்புவதற்குள் குத்தியை இரும்புத் தகட்டில் வைத்து ஓங்கி ஒரு போடு போட்டான். கூர் முனை கல்கண்டுபோல் உடைந்து பறந்தது. துண்டு எங்கே போனது என்று இன்றுவரை தெரியவில்லை. நல்லவேளை, இருவர் கண்ணிலும் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டியிருந்தேன்.

நனைத்த எஃகு கடினமானது, ஆனால் நொறுங்கக் கூடியது. அதை மறுபடியும் இளஞ்சூட்டில் காய்ச்சினால்தான் அடி தாங்கும். இந்த இரண்டாவது சூட்டைக் காட்டவே எஃகு நிறம் மாறுகிறது. முனையை மணல் தாளால் பளபளப்பாகத் தேய்த்து, முனைக்குப் பின்னால் சூடு காட்டுங்கள். 230 பாகையில் வைக்கோல் நிறம், 250க்கு மேல் பழுப்பு, 280 அளவில் கத்தரிப்பூ நிறம், 300இல் நீலம். நிறங்கள் ஒன்றன்பின் ஒன்றாக முனையை நோக்கி நகரும். குத்திக்குப் பழுப்பும், வெட்டிரும்புக்குக் கத்தரிப்பூ நிறமும் முனையைத் தொட்டதும் தண்ணீரில் நனைத்து நிறுத்திவிட வேண்டும்.

உடைந்த குத்தியைப் பையன் சாணை பிடித்துக் கூராக்க, மறுபடி பதம் போட்டோம். இந்த முறை நின்றது. தகட்டில் குழி விழுந்தது. துளை ஊசி அசையாமல் நின்று இறங்கியது.

அவன் அப்பா வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன் சார், பத்து வெள்ளி குடுத்தா கடையில கிடைக்குமே. இதுக்குப் போயி ரெண்டு நாளா?" என்றார். நியாயமான கேள்விதான். "வாங்கினது உடைஞ்சா இன்னொண்ணு வாங்குவோம் அண்ணே. செஞ்சது உடைஞ்சா ஏன் உடைஞ்சதுன்னு தெரிஞ்சுக்குவோம்" என்றேன். அவர் குத்தியை வாங்கி வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

செய்வது பாதி, காப்பது பாதி

பிள்ளைகளுக்குக் கண்ணாடி மாட்டியதற்குக் காரணம் உண்டு. வெட்டிரும்பின் தலைப்பக்கத்துக்குப் பதம் போடக் கூடாது. கடினமான தலை சுத்தியல் பட்டால் சிதறும். இளகிய தலையோ அடிபட்டு அடிபட்டுக் காளான்போல் விரியும். அந்த விளிம்பை அவ்வப்போது சாணை பிடித்துக் கழிக்க வேண்டும். என் அப்பா அதை "நாளைக்குப் பார்ப்போம்" என்று தள்ளிப் போட்டார். விளிம்பிலிருந்து தெறித்த சிறு துணுக்கு அவர் இடது கண்ணில் பாய்ந்தது. அந்தக் கண்ணில் பார்வை திரும்பவே இல்லை. எஃகின் இயல்பை அவ்வளவு அறிந்தவருக்கே அப்படி நேர்ந்தது.

பெற்றோர்களே! புத்தகத்தில் பின்தங்கிய பிள்ளையை உதவாதவன் என்று ஒதுக்கிவிடாதீர்கள். கைத்தொழிலுக்கும் இந்நாட்டில் முறையான படிகள் உண்டு. மலேசியத் திறன் சான்றிதழ் 1 முதல் 3ஆம் நிலை வரை. அதற்குமேல் டிப்ளோமா 4ஆம் நிலை, உயர் டிப்ளோமா 5ஆம் நிலை. 2006ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டம் இவற்றுக்கு வழி வகுத்திருக்கிறது. முதல் படி உங்கள் வீட்டுப் பின்கட்டிலேயே இருக்கலாம்.

அந்தப் பையன் இன்னமும் வாசிப்பில் தடுமாறத்தான் செய்கிறான். ஆனால் சனிக்கிழமை காலையில் என் வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து, வெட்டிரும்பின் தலையைத்தான் முதலில் தடவிப் பார்க்கிறான். விளிம்பு விரிந்திருந்தால் கேட்காமலே சாணைக்கல்லுக்குப் போகிறான். கண்ணாடியை மாட்டிக்கொண்டுதான்.