காவலுக்கும் ஒரு கடிவாளம்

மூன்று புறம் தமிழக நிலமும் கிழக்கே வங்கக் கடலும் சூழ்ந்த சிறு நிலப்பரப்பு நம் காரைக்கால். 1954 நவம்பர் 1ஆம் நாள் பிரெஞ்சு ஆட்சி இங்கிருந்து விலகியது. அதுவரை இவ்வூரின் எல்லைகளில் சுங்கச் சாவடிகள் இருந்தன. சாவடிக் காவலரின் கடமை இருவகைப்பட்டது. கடத்தல் பொருளைத் தடுத்தல் ஒன்று. வயலுக்கும் சந்தைக்கும் செல்லும் ஊராரைத் தடுக்காதிருத்தல் மற்றொன்று. முதலாவதில் தவறினால் அரசுக்கு இழப்பு. இரண்டாவதில் தவறினால் ஊருக்கே துன்பம்.

நம் உடலின் நோய் எதிர்ப்புக் காவலும் இத்தகையதே. எலும்பு மச்சையில் பிறக்கும் வெள்ளணுக்களில் ஒரு வகை பி செல்கள். ஒவ்வொரு பி செல்லும் குறிப்பிட்ட ஒரு வடிவத்தை மட்டும் அறியும் ஏற்பிகளைத் தன் மேற்பரப்பில் தாங்கி நிற்கிறது. அவ்வடிவமுடைய கிருமி எதிர்ப்படும்போது அச்செல் தூண்டப்பட்டுப் பல்கிப் பெருகி, எதிர்ப்பொருள்களைச் சுரக்கிறது. ஆயினும் இந்த ஏற்பிகள் முன்கூட்டியே எதிரியைக் கண்டு வனையப்பட்டவை அல்ல. மரபணுத் துண்டுகள் பலவாறு இணைவதால் அமைபவை. எனவே அவற்றுட் சில, நம் உடலின் சொந்தப் பொருள்களையே பகையெனக் கொள்ளக்கூடும்.

இவ்விடத்தில்தான் பி செல்லின் மேற்பரப்பிலுள்ள இரு புரதங்களின் பணி விளங்குகிறது. சி.டி.19 என்பது தூண்டுதலை மிகுவிக்கிறது. சி.டி.22 என்பது அதனை அடக்குகிறது. நம் உடற்செல்களின் மேற்பரப்பில் சியாலிக் அமிலம் என்னும் சர்க்கரைப் பொருள் படர்ந்துள்ளது. சி.டி.22 அதனைப் பற்றி அறிகிறது. ஏற்பி பற்றிய பொருளிலேயே இச்சர்க்கரையும் இருக்குமாயின், சி.டி.22இன் உட்புற வால் ஒரு நொதியைத் தன்பால் அழைக்கிறது. அந்நொதி தூண்டுதல் செய்தியைக் கடத்தும் பாஸ்பேட்டுக் குறிகளை நீக்கிவிடுகிறது. ஊராரின் அனுமதிச் சீட்டைக் கண்டு காவலர் கோலைத் தாழ்த்துவதற்கு இதனை ஒப்பிடலாம். 1996இல் சி.டி.22 இல்லாத எலிகளை உருவாக்கி ஆராய்ந்தபோது, அவற்றின் பி செல்கள் சிறு தூண்டுதலுக்கும் மிகையாகக் கிளர்ந்தெழுவது தெரியவந்தது.

அர்ரஹ்மான் அத்தியாயம் பேசும் மீஸான் எனும் துலாக்கோலை விரிவுரையாளர்கள் நீதியோடும் ஒழுங்கோடும் இணைத்து விளக்குவர். அந்த ஒழுங்கின் ஒரு சாயலை இங்கும் காண்பது நம் உள்ளத்திற்கு இயல்பே. எனினும் ஆய்வுக்கூட முடிவுகளை மறைவசனங்களுக்குள் தேடிப் பொருத்துவது நம் நோக்கமன்று. ஆய்வு முடிவு நாளை திருத்தப்படலாம், இறைவசனம் அவ்வாறன்று.

அத்தகைய திருத்தத்திற்கு இப்புரதமே சான்று. பி செல்கள் உடலையே தாக்கும் எதிர்ப்பொருள்களைச் சுரக்கும் நோய்களுள் லூபஸ் முதன்மையானது. நோயுறுவோருள் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் பெண்கள். முகத்தில் செந்தடிப்பும் மூட்டுகளில் வலியும் தோன்றும், சிறுநீரகமும் பழுதுபடலாம். சி.டி.22ஐப் பற்றும் எப்ராட்டுசுமாப் என்னும் மருந்து இந்நோயைத் தணிக்கும் என்று எதிர்பார்க்கப்பட்டது. 2015இல் வெளிவந்த பெரும் சோதனைகளின் முடிவு ஏமாற்றமளித்தது. மாறாக, சி.டி.19ஐக் குறிவைக்குமாறு நோயாளியின் டி செல்களையே மாற்றியமைக்கும் கார்-டி சிகிச்சையை ஜெர்மனியின் எர்லாங்கன் மருத்துவர்கள் ஐந்து லூபஸ் நோயாளிகளுக்கு அளித்தனர். ஐவருக்கும் நோய் தணிந்ததை அவர்கள் 2022இல் அறிவித்தனர்.

அதே சி.டி.19ஐ இலக்காகக் கொண்டு பி செல் இரத்தப் புற்றுநோய்களுக்கான கார்-டி சிகிச்சையை நம் நாட்டில் மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மையமும் உருவாக்கின. நெக்ஸ்கார்19 என்னும் அதற்கு 2023 அக்டோபரில் ஒப்புதல் கிடைத்தது. 2024 ஏப்ரல் 4 அன்று குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு அதனைத் தொடங்கிவைத்தார். புற்றுச் செல்கள் சி.டி.19ஐ உதிர்த்துத் தப்ப முயலும்போது, சி.டி.22 மாற்று இலக்காகிறது. அதனைப் பற்றும் இனோட்டுசுமாப் மருந்துக்கு அமெரிக்கா 2017இல் ஒப்புதல் அளித்தது. தடுப்பானாகப் பணிபுரியும் புரதமே நோயின் அடையாளமாகவும் பயன்படுவது வியப்பன்றோ?

நெக்ஸ்கார்19இன் விலை மேலைநாட்டு விலையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே எனினும், அதுவும் பல லட்சங்களே. மீனவர், சிறு வணிகர், வயற்கூலியாளர் நிறைந்த நம் பகுதியில் அத்தொகையை எண்ணிப்பார்க்கவும் இயலாத இல்லங்கள் பல. ஜிப்மரின் காரைக்கால் வளாகத்தில் 2016 முதல் மருத்துவக் கல்வி நடைபெறுவது நமக்குக் கிட்டிய பேறு. நெடுங்காலக் காய்ச்சலையும் மூட்டு வலியையும் முகத்தடிப்பையும் ‘கண்ணேறு’ என்றோ ‘பாவத்தின் தண்டனை’ என்றோ ஒதுக்கிவைக்காமல், உரிய காலத்தில் மருத்துவரிடம் காட்டுதல் நம் முதற் கடமை. லூபஸ் தொற்றுநோயன்று, அதற்கு ஆளான பெண்ணை மணவாழ்விலிருந்து விலக்கிவைப்பது அநீதியாகும்.

இரண்டாவது கடமை பொருளுடையோர்க்கு உரியது. ஸகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினருள் ஏழைகளும் கடன்பட்டோரும் அடங்குவர். சிகிச்சைக்காகக் கடன்பட்டு நலிந்த குடும்பம் நம் தெருவில் இருக்குமாயின், அதனைத் தேடிச் செல்வது நம்மீது உள்ள பொறுப்பு. உடலின் காவலன் தன்னவரைத் தாக்காதிருக்க ஒரு கடிவாளத்தை அமைத்த இறைவன், நம் செல்வத்தின் மீதும் பிறர்க்குரிய ஓர் உரிமையை வைத்துள்ளான் என்பதை நாம் மறவாதிருப்போமாக.